நிழலுக்குச் சட்டம் போட்ட ஊர்

ஜூலையில் இத்தாலிக்குப் போகிறேன் என்றால், விவரம் தெரிந்தவர்கள் கடற்கரையைச் சொல்வார்கள், இல்லையென்றால் மலையைச் சொல்வார்கள். வடக்கே போ நதிச் சமவெளியில் அந்த மாதம் காற்று அசையாது. புழுக்கத்தோடு சேர்ந்த வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். உள்ளூர்க்காரர்களே வீட்டைப் பூட்டிக்கொண்டு ரிமினி பக்கம் கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சமவெளியின் தெற்கு ஓரத்தில், அப்பெனைன் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது பொலோன்யா. என் தோழி மியூனிக்கில் கட்டடக் கலைஞராக வேலை பார்க்கிறாள். வார இறுதியை ஒட்டிக் கொஞ்சம் விடுப்பு கிடைத்ததும், ஆல்ப்ஸைத் தாண்டி வரும் நேரடி ரயிலில் இரண்டு இருக்கைகள் போட்டுவிட்டாள். ரோமும் வெனிஸும் இருக்க ஏன் இந்த ஊர், அதுவும் இந்த வெயிலில் என்று கேட்டேன். "வெயில்ல நடக்கறதுக்குன்னே கட்டின ஊருடி, வா" என்றாள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடந்து இண்டிபெண்டென்ஸா தெருவுக்குள் நுழைந்ததுமே அவள் சொன்னது புரிந்துவிட்டது. தெருவின் இரு பக்கமும் கட்டடங்களின் கீழ்த்தளம் உள்வாங்கியிருக்கிறது. முன்னால் தூண்கள், தூண்களுக்கு மேல் வளைவுகள், வளைவுகளின் மேல் வீட்டின் மாடி. அந்தத் தாழ்வாரத்துக்குள்தான் ஊர் நடக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஊரின் நடு மைதானமான பியாட்ஸா மஜ்ஜோரே வரை வந்தோம். குறுக்குத் தெருக்களைக் கடந்தபோது தவிர வேறெங்கும் தலையில் வெயில் படவில்லை. போர்டிகோ என்று அவர்கள் சொல்லும் இந்தத் தூண் தாழ்வாரங்களை முழுக்கக் கூட்டினால் 62 கிலோமீட்டர் வரும். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு நிழல் எப்படி வந்தது என்பது எனக்கு அந்த ஊரின் கோயில்களையும் கோபுரங்களையும்விடப் பெரிய விஷயமாகப் பட்டது. பொலோன்யா பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகக் கணக்கு. ஐரோப்பாவிலேயே மிகப் பழையது. படிக்க வந்தவர்களும், பிழைக்க வந்தவர்களும் சேர்ந்து ஊர் நிரம்பியது. மதிலுக்குள் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் இழுத்துக் கட்டி, கீழே மரத்தூணை முட்டுக் கொடுத்தார்கள். கூடுதலாக ஓர் அறை, கூடுதலாக ஒரு வாடகை. வேறு பல ஊர்களிலும் இது நடந்தது, அங்கெல்லாம் அதிகாரிகள் ஆக்கிரமிப்பு என்று காலப்போக்கில் இடித்துத் தள்ளினார்கள். பொலோன்யா நேரெதிராக முடிவெடுத்தது. 1288இல் ஒரு சட்டம் போட்டார்கள்: இனிப் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் முன்னால் போர்டிகோ வைத்துத்தான் கட்ட வேண்டும், அதற்கான நிலம் கட்டுகிறவருடையது, பராமரிப்பும் அவர் செலவு, ஆனால் நடக்கும் உரிமை எல்லாருக்கும். உயரம் குறைந்தது ஏழு பொலோன்யா அடி, அதாவது 2.66 மீட்டர். குதிரையில் வருகிறவர் தலை இடிக்காமல் போக வேண்டுமே.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னால், ஒரு நகரசபை, தனியார் மனையில் இருந்து ஒரு பட்டையை எடுத்து வழிப்போக்கனுக்குக் கொடுத்திருக்கிறது. அதுவும் நிலத்தைப் பறிக்காமல், உரிமையை மட்டும் பகிர்ந்து. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

1568இல் மரத்தூண்களை எடுத்துவிட்டுச் செங்கல்லோ கல்லோ வைக்கச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது. அதிலும் தப்பிய சில மரத்தூண்கள் இருக்கின்றன. ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் காசா இசொலானி என்ற 13ஆம் நூற்றாண்டு வீடு. ஓக் மரத்தூண்கள் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு நேராக ஏறி மூன்றாம் தளத்தைத் தாங்குகின்றன. தோழி ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். மரம் கறுத்து, நீளவாக்கில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. பிளவின் விளிம்புகள் தொட்டுத் தொட்டு மழுங்கியிருந்தன. அடியில் ஈரம் ஏறாமல் இருக்கக் கல் பீடம். "இந்தக் கல்லு இல்லேன்னா நூறு வருஷம்கூட நின்னிருக்காது" என்றாள். அவளுக்கு எப்போதும் கண் அடித்தளத்தில்தான்.

எல்லாத் தாழ்வாரமும் அழகு என்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தை ஒட்டிய சில தெருக்களில் கூரை தாழ்ந்து, சுவர் முழுக்கக் கிறுக்கல், மூலைகளில் மூத்திர நாற்றம். ஆனால் நாங்கள் தங்கியிருந்த தெருவில் காலையில் ஒரு பெண்மணியைப் பார்த்தோம். எழுபது வயதிருக்கும். வாளியும் துடைப்பமுமாகத் தன் வீட்டு வாசலில் தாழ்வாரத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். சலவைக்கல் துண்டுகளைப் பதித்துத் தேய்த்த வழவழப்பான தரை. தண்ணீர் பட்டதும் செம்பழுப்பும் சாம்பலும் வெள்ளையுமாகக் கல் துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அடுத்த வீட்டின் தரை வேறு நிறம், அதற்கடுத்தது வேறு வடிவம். எங்கே ஒருவர் சொத்து முடிந்து இன்னொருவருடையது தொடங்குகிறது என்பது காலடியிலேயே தெரிகிறது. தோழி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் பேச்சுக் கொடுத்தாள். அவர் கதவைக் காட்டி "என் வீடு" என்றார். ஈரத் தரையைக் காட்டி "இதுவும்" என்றார். நாங்கள் சாலையில் இறங்கி ஒதுங்கிப் போகப் பார்த்தோம். அவர் விடவில்லை, கையை ஆட்டி, கழுவின தரை மேலேயே நடக்கச் சொன்னார்.

நடு மைதானத்தில் சான் பெத்ரோனியோ தேவாலயம் இருக்கிறது. 1390இல் தொடங்கிய கட்டடம். முகப்பின் கீழ்ப்பாதி சிவப்பும் வெள்ளையுமான சலவைக்கல், மேல்பாதி வெறும் செங்கல். முடிக்காமலே விட்டுவிட்டார்கள். உள்ளே நாங்கள் பார்க்கப் போனது தரையில் பதித்த ஒரு பித்தளைக் கோடு. 1655இல் வானியலாளர் காசினி அமைத்த நண்பகல் கோடு அது, நீளம் 66.8 மீட்டர். தூண்களுக்கு இடையில் எதையும் உரசாமல் வடக்குத் தெற்காகப் போகிறது. சுமார் 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சிறு துளை. அதன் வழியே விழும் சூரியனின் உருவம் ஒவ்வொரு நாளும் உச்சிப் பொழுதில் இந்தக் கோட்டைக் கடக்கும். உச்சிப் பொழுது என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. ஊர் இருக்கும் இடமும் கோடைக்கால நேர மாற்றமும் சேர்ந்து ஜூலையில் அது 1.20 வாக்கில் வருகிறது.

1.10க்கே போய்த் தரையோரம் நின்றோம். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான அகலத்தில் வெளிச்ச வட்டம் ஏற்கெனவே விழுந்திருந்தது. ஓரம் மட்டும் லேசாக நடுங்கியது. குனிந்து பார்த்தால் அது நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. மேற்கிலிருந்து வந்து பித்தளையைத் தொட்டு, கோடு வட்டத்தை இரண்டாகப் பிளந்து, கிழக்கே விலகியது. எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களில். பக்கத்தில் நின்ற சிறுவன் தன் கையை வட்டத்துக்குள் நீட்ட, சூரியன் அவன் புறங்கை மீது ஏறிப் போனது. இதே வட்டத்தின் அகலம் கோடையில் எவ்வளவு, குளிர்காலத்தில் எவ்வளவு என்று அளந்து அளந்துதான், கெப்ளர் சொன்ன சுற்றுப்பாதைக் கணக்கு சரி என்பதற்குக் காசினி சான்று சேர்த்தார். சூரியனே பூமியைச் சுற்றுகிறது என்று திருச்சபை வற்புறுத்திய காலத்தில், திருச்சபையின் கூரைக்குக் கீழேயே இந்த அளவீடு நடந்திருக்கிறது. உள்ளே போக யாரும் காசு கேட்கவில்லை.

பக்கத்திலேயே ஆர்க்கிஜின்னாசியோ. 1563இல் கட்டி 1803 வரை பல்கலைக்கழகம் இயங்கிய இடம். சுவரிலும் கூரையிலும் மாணவர்களின் குலச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில். இங்கே மரத்தால் ஆன உடற்கூறு அரங்கம் ஒன்று உண்டு. 1944இல் குண்டுவீச்சில் சிதறியதை, மரத்துண்டுகளை இடிபாட்டிலிருந்து பொறுக்கித் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். லௌரா பாஸி என்ற பெண் 1732இல் பட்டம் பெற்று, அதே ஆண்டில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் நியமனம் பெற்றது இந்த ஊரில்தான்.

ஊரின் அடையாளமான இரட்டைக் கோபுரங்களை எட்டத்தில் இருந்தே பார்த்தோம். அசினெல்லி 97 மீட்டர், பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தா 48 மீட்டர். கரிசெந்தாவின் சாய்வு கவலை தரும் நிலைக்கு வந்ததால் 2023 அக்டோபரிலிருந்து சுற்றிலும் தடுப்புப் போட்டுவிட்டார்கள். கவிஞர் தாந்தே பார்த்து எழுதிய கோபுரம். நன்றாகச் செப்பனிட்டு நிறுத்தட்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொலோன்யா பெயரைச் சொல்லி உலகெங்கும் விற்கிற ஸ்பகெட்டி இந்த ஊரின் உணவே அல்ல. இங்கே இறைச்சிக் குழம்பு தாலியாத்தெல்லேயுடன்தான் வரும். முட்டை சேர்த்துப் பிசைந்த மாவைத் தட்டையான நாடாவாக நறுக்கியது. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் வணிகர் சபையில் முறைப்படி பதிந்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். மாவைத் தேய்க்கும் பெண்களுக்கு ஸ்ஃபோலீனா என்று பெயர். சந்தைச் சந்தில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். குழவி அவர் கையைவிட நீளம். மாவு ஓரத்தைக் குழவியில் சுற்றி, தன் பக்கம் இழுத்து, உள்ளங்கைகளை நடுவிலிருந்து இரு பக்கமும் ஓட்டி, பலகையில் விரித்து, கால்வட்டம் திருப்பி மறுபடி. கடைசியில் தூக்கிப் பிடித்தபோது பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகள் மாவின் ஊடே தெரிந்தன. தோழி சைவம். அவளுக்கு, தயிர்க்கட்டியும் கீரையும் வைத்து மடித்த தொர்தெல்லோனி கிடைத்தது; மேலே உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும். அந்த இலை வெண்ணெயில் பொரிந்த வாசனை மேசையைச் சுற்றியே நின்றது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக சான் லூகாவுக்குக் கிளம்பினோம். ஊருக்குத் தென்மேற்கே குன்றின் உச்சியில் மாதா கோயில். நகரின் சரகோத்ஸா வாசலில் இருந்து அந்தக் கோயில் வரைக்கும் ஒரே போர்டிகோ போகிறது. நீளம் கிட்டத்தட்ட 3.8 கிலோமீட்டர், வளைவுகள் 666. உலகிலேயே நீளமானது என்கிறார்கள். இதைக் கட்டத் தொடங்கியது 1674இல். காரணம் மழை. குன்றின் மேல் இருக்கும் மாதா படத்தை ஆண்டுதோறும் ஊருக்குள் பவனியாக எடுத்து வருவார்கள். 1433இல் ஓயாத மழையில் பயிர் அழுகும் நிலை வந்தபோது படத்தை இறக்கிக் கொண்டுவர, மழை நின்றது என்பது நம்பிக்கை. இன்றும் மே மாதம் பவனி நடக்கிறது. மழைக்காக இறக்கிய மாதா மழையில் நனையக் கூடாது, தூக்கி வருகிறவர்களும் நனையக் கூடாது என்று கூரை போட நினைத்தார்கள். நாலு கிலோமீட்டருக்கு.

அரசர் யாரும் பணம் கொடுக்கவில்லை. பிரபுக்கள், கைவினைச் சங்கங்கள், வீட்டு வேலைக்காரர்கள் வரை ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியது. வளைவுகளுக்குக் கீழே சுவரில் கொடுத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டுகள் வரிசையாக வருகின்றன. நம் கோயில் மண்டபத் தூணில் இன்னார் உபயம் என்று வெட்டியிருப்பதைப் போலவேதான். சில எழுத்துகள் தேய்ந்துவிட்டன, சில புதிதாகச் சாயம் பூசப்பட்டிருக்கின்றன. 1677இல் மேட்டுக்குக் கல்லும் மண்ணும் ஏற்ற ஊர்மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்களாம். அந்த நாளை இன்றும் அக்டோபரில் அதே மாதிரி வரிசையில் நின்று நினைவுகூர்கிறார்கள்.

முதல் பாதி சமதரை. வீடுகளும் கடைகளும் தாழ்வாரத்துக்குள் கதவு திறந்திருக்கின்றன. மெலொன்செல்லோ என்ற இடத்தில் போர்டிகோ வளைந்து சாலையை மேலாகத் தாண்டுகிறது. கார்லோ ஃப்ரான்செஸ்கோ தொத்தி 1732இல் வடிவமைத்த அந்த வளைவு, நடப்பவரை இறக்காமலே சாலையைக் கடக்க வைக்கிறது. தோழி அதன் கீழே போய் ஒருமுறை, மேலே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஏற்றம். படிகள், சரிவு, மறுபடி படிகள். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் தூண்களுக்கு இடையே மரங்களும் தள்ளித் தள்ளித் தெரியும் ஊரும். ஓட்டப் பயிற்சிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், ஜெபமாலையோடு இரண்டு பாட்டிகள் எங்களையும்விட மெதுவாக ஏறினார்கள். மூச்சு வாங்கியபோதெல்லாம் சுவரோரத் திட்டில் உட்கார்ந்தோம். எட்டரை மணிக்கே வெளியே வெயில் சுட்டது. உள்ளே கல் இன்னும் இரவின் குளிர்ச்சியோடு இருந்தது.

கோயிலுக்குள் மாதா படத்தை வெள்ளிக் கவசம் மூடியிருக்கிறது. தாயின் முகமும் பிள்ளையின் முகமும் மட்டும் தெரியும், கறுத்துப் போய். பக்தி எனக்குக் குறைவு. ஆனால் நாலு கிலோமீட்டர் கூரை போட்டு ஒரு படத்தையும் அதைச் சுமப்பவர்களையும் நனையாமல் காத்த ஊரை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பயணச்சீட்டு விஷயமாக ரயில் நிலையம் போனோம். வந்திறங்கிய அவசரத்தில் கவனிக்காததை அப்போது பார்த்தோம். முகப்பில் ஒரு கடிகாரம் 10.25இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. கோடை விடுமுறைக்குக் கடலுக்குக் கிளம்பிய குடும்பங்கள் நிறைந்த இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில், பெட்டிக்குள் வைத்த குண்டு அந்த நேரத்தில் வெடித்தது. 85 பேர் செத்தார்கள், காயம்பட்டவர்கள் 200க்கும் மேல். நவபாசிசக் குழுவைச் சேர்ந்தவர்களை நீதிமன்றம் தண்டித்தது. அன்று ஆம்புலன்ஸ் போதாமல், டாக்ஸிக்காரர்களும் பேருந்து ஓட்டுநர்களும் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். 37ஆம் எண் நகரப் பேருந்து ஜன்னல்களில் வெள்ளைத் துணி கட்டி, நாள் முழுக்க உடல்களைச் சுமந்தது. அறை இப்போதும் காத்திருப்பு அறைதான். குண்டு வெடித்ததில் சுவரில் விழுந்த பிளவை மூடாமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கல்லில் 85 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வயது. மிகச் சிறியது 3. அதன் எதிரே உட்கார்ந்து பயணிகள் ரொட்டி சாப்பிடுகிறார்கள், குழந்தைக்குச் செருப்பு மாட்டுகிறார்கள். அறையை நினைவுச் சின்னமாக்கிப் பூட்டாமல், உட்காரும் இடமாகவே வைத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

இருட்டிய பிறகு பியாட்ஸா மஜ்ஜோரேவுக்கு வந்தோம். கோடையில் அங்கே இரவுதோறும் சினிமா. நகரத்தின் திரைப்படக் காப்பகமான சினெதேகா நடத்துகிறது. மைதானத்தின் ஒரு பக்கம் பெரிய திரை, எதிரே ஆயிரக்கணக்கில் நாற்காலிகள். டிக்கெட் கிடையாது. நாற்காலி கிடைக்காதவர்கள் சான் பெத்ரோனியோவின் படிகளில் உட்கார்ந்தார்கள், நாங்களும்தான். அன்று தெ சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1948இன் படம், சத்யஜித் ராயைப் படமெடுக்கத் துணிய வைத்ததும் இதுதான். கறுப்பு வெள்ளைக் காட்சி இவ்வளவு தெளிவாக இருக்கக் காரணமும் இந்த ஊர்தான். பழைய படச்சுருள்களைச் சட்டம் சட்டமாகச் சுத்தம் செய்து மீட்கும் ஆய்வுக்கூடம் இங்கே இருக்கிறது. அதே 1948இல் வெளிவந்த உதய் சங்கரின் 'கல்பனா' இங்கேதான் உயிர் பெற்றது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம். பத்மினி சிறுமியாக ஆடிய படம். நம் ஊரில் எடுத்த ஒரு சுருளைக் காப்பாற்றிய கைகள் இந்தத் தெருக்களில் நடக்கின்றன என்று தோழியிடம் சொன்னேன்.

படத்தில் அப்பாவும் பையனும் மழைக்கு ஒதுங்கும் இடத்தில் மைதானம் முழுக்க அசையாமல் பார்த்தது. முடிந்ததும் கைதட்டினார்கள், திரையைப் பார்த்து, அங்கே இல்லாத யாருக்கோ. நாற்காலிகளுக்கு நடுவே ஒரு பெரியவர் பேரனிடம் கதையின் முடிவை விளக்கிக்கொண்டிருந்தார். பையன் ஒப்புக்கொள்ளவில்லை, சைக்கிளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்று அழும் நிலைக்கு வந்துவிட்டான்.

தோழி அதற்குள் தூணில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலின் எதிரே போய் நின்று, நாளைய படத்தின் பெயரை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு சொல்லிடறேன். நீ டிக்கெட்டை மாத்து" என்றாள். தாழ்வாரத்துக்குள் நடந்துகொண்டே கைப்பேசியில் மறுநாள் ரயில்களைத் தேட ஆரம்பித்தேன்.